ரீச்சரும் டீச்சரும்: ஒரே சத்தம், ரெண்டு காது

போன மாசம் மூண்டாம் வகுப்புப் பிள்ளையளுக்குச் சொல்வதெழுதுதல் வைச்சனான். அதில ஒரு வசனத்தில பஸ்ஸில எடுக்கிற ரிக்கற் வரும். கொப்பியளை அடுக்கி வைச்சுத் திருத்திக்கொண்டு போகேக்க ஒரே வாங்கில பக்கத்தில பக்கத்தில இருக்கிற ரெண்டு பிள்ளையளின்ர கொப்பி அடுத்தடுத்து வந்துது, ஒண்டில "ரிக்கற்" எண்டு இருக்கு, மற்றதில "டிக்கெட்" எண்டு இருக்கு. ரெண்டு பேரையும் மேசைக்குக் கிட்டக் கூப்பிட்டு நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னன். ஒராள் நுனிநாக்கை மேற்பல்லுக்குப் பின்னால முரசில தட்டிச் சொல்லிச்சுது, மற்றாள் நாக்கை மேல மடிச்சு அண்ணத்தில தட்டிச் சொல்லிச்சுது. தான் சொன்னதுதான் ரீச்சர் சொன்னது எண்டதில ரெண்டு பேருக்கும் துளி சந்தேகமில்லை. பின்வாங்கில இருந்து ஆரோ "டிக்கெட்டாம்" எண்டு சிரிச்சது கேட்டுது, அந்தப் பிள்ளையின்ர முகம் சுருங்கினதையும் கண்டன், அண்டைக்கு இரவு முழுக்க எனக்கு அதுதான் மனசில கிடந்துது.

முதல் பிள்ளையின்ர ஆக்கள் பரந்தன் பக்கம், அதுக்கு முந்தின தலைமுறை யாழ்ப்பாணம். மற்றப் பிள்ளையின்ர அப்பப்பாவும் அப்பம்மாவும் 1977 கலவரத்தோட மலைநாட்டில இருந்து கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவை. வன்னியில இது அதிசயமில்லை. முள்ளியவளை, ஒட்டுசுட்டான் எண்டு பரம்பரையா இருக்கிற பழைய வன்னிச் சனம், இரணைமடுத் தண்ணியை நம்பிக் குடியேற்றத் திட்டங்களோட வந்த யாழ்ப்பாணத்துச் சனம், 58, 77, 83 எண்டு ஒவ்வொரு கலவரத்துக்கும் பிறகு வந்த மலைநாட்டுச் சனம், வவுனியா மன்னார்ப் பக்கம் முஸ்லிம் சனம், சிங்களச் சனம், எல்லாற்ற பேச்சும் ஒரே சந்தையிலயும் ஒரே பஸ்ஸிலயும் ஒரே வகுப்பிலயும் கலக்குது. பேச்சுச் சத்தம் மனசுக்குள்ள எப்பிடிச் சேர்ந்து கிடக்குது எண்டு பார்க்கிறதுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியேல்லை.

முதல்ல உந்த ரிக்கற் பிரச்சினையைப் பாப்பம். இங்கிலீசில அந்தச் சொல்லின்ர முதல் சத்தம் எங்கட 'த'வும் இல்லை, 'ட'வும் இல்லை. 'த' சொல்லேக்க நாக்கு பல்லில முட்டும், 'ட' சொல்லேக்க மேல மடிஞ்சு அண்ணத்தில முட்டும், இங்கிலீஸ்காரர் சொல்லுறது ரெண்டுக்கும் நடுவில, முரசில. அந்த நடு இடம் இலங்கைத் தமிழில இப்பவும் உயிரோட இருக்கு. "வெற்றி", "ஒற்றை" எண்டு எங்கட ஊர்ப் பேச்சில சொல்லிப் பாருங்கோ, நாக்கு முட்டுற இடத்தைக் கவனியுங்கோ. இந்தியாவில கனபேர் அந்த 'ற்ற'வை 'ட்ர' மாதிரித்தான் சொல்லுவினம், அவையின்ர பேச்சில அந்த நடு இடம் அழிஞ்சு போச்சு. அதாலதான் எங்களுக்கு அந்த இங்கிலீஸ் சத்தம் ற-வின்ர வீட்டுக்குள்ள போய் விழுகுது, ற சொல்லுக்கு முதல்ல வராததால அங்க ர போட்டு, ரீச்சர், ரயர், ரீவி, பக்கற், இன்ரநெற் எண்டு எழுதுறம், அவைக்கு அது 'ட'வில விழுகுது, டீச்சர், டயர், டிவி. கனடாவில இருக்கிற எங்கட ஆக்கள் "ரொறன்ரோ" எண்டு எழுதினதை இந்தியத் தமிழர் ஒருத்தர் வாசிச்சிட்டு இது எந்த ஊர் எண்டு கேட்டா அதுக்கும் காரணம் இதுதான். மலைநாட்டுப் பேச்சு இந்தியாவில இருந்து வந்த பேச்சு, ஆனபடியா அந்தப் பிள்ளை டிக்கெட் எண்டு எழுதினது பிழை கேட்டதால இல்லை. அதின்ர காது திறமாத்தான் கேட்டது. கேட்டதை வைக்க மனசில இருந்த இடம் வேற.

இந்த இடம் எண்ட கதைதான் முழு விசயமும். சத்தத்தை ரேப்பில பதியிற மாதிரி மனசு பதிஞ்சு வைக்கிறதில்லை. வாற சத்தத்தை ஏற்கனவே வகுத்து வைச்சிருக்கிற இடங்களுக்குள்ள பிரிச்சுப் போடுது. மொழியியல்காரர் இதுக்கு ஒலியன் எண்டு பேர் வைச்சிருக்கினம், அந்த ஒலியனுக்குள்ள அடங்கிற வித்தியாசமான சத்தங்களுக்கு மாற்றொலி எண்டு பேர். 19ஆம் நூற்றாண்டின்ர கடைசியில ரசியாவில படிப்பிச்ச போதுவான் தெ கூர்த்தனே எண்ட போலந்துக்காரர்தான் ஒலியன் எண்டது வாயில இருக்கிற சத்தம் இல்லை, மனசில இருக்கிற ஒண்டு எண்டு முதல்ல தெளிவாச் சொன்னவரில ஒராள்.

இதை நீங்கள் வீட்டில இருந்தே பாக்கலாம். தொண்டைக் குரல்வளையில ரெண்டு விரலை வைச்சுக்கொண்டு "அக்கா" எண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ. நடுவில ஒரு கணம் அதிர்வு நிக்கும். இப்ப "அங்கால" எண்டு சொல்லுங்கோ. அதிர்வு நிக்காது, தொடந்து ஓடும். "மகன்" எண்டு சொல்லுங்கோ, அங்க க எண்டது முட்டுறதே இல்லை, காத்து உரசிக்கொண்டு போகும், ஹ மாதிரி. மூண்டும் மூண்டு வேற வேற சத்தம். மெசினில போட்டுப் பாத்தா வேற வேற படம் வரும். ஆனா வன்னியில ஒரு சின்னப் பிள்ளையிட்ட இருந்து கிழவி வரைக்கும் ஆரைக் கேட்டாலும் மூண்டும் 'க' எண்டுதான் சொல்லுவினம், வித்தியாசம் இருக்கெண்டு சொன்னா நம்பவும் மாட்டினம். எங்கட எழுத்திலயும் ஒரு க தான். இது எழுத்துக் குறைஞ்சதால வந்த குறையில்லை, இந்த மூண்டு சத்தமும் தனக்கெண்டு ஒதுக்கின இடத்தில மட்டும் வருகுது, ஒண்டின்ர இடத்தில மற்றது வந்து கருத்தை மாத்திறதில்லை, அதால மனசு மூண்டையும் ஒண்டாக் கட்டி வைச்சிருக்குது, எங்கட எழுத்து மனசில உள்ளதை எழுதுது.

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவில நடந்தது, எனக்கு மிச்சம் விருப்பமான கதை. எட்வேர்ட் சப்பீர் எண்ட மொழியியலாளர் 1910இல தெற்குப் பையூட் எண்ட பழங்குடி மொழியை டோனி டிலோஹாஷ் எண்ட இளைஞரிட்ட இருந்து படிச்சவர். அந்த மொழியில உயிரெழுத்துக்குப் பிறகு வாற 'ப' இளகி வ மாதிரி மாறும். தண்ணிக்குப் பக்கத்தில எண்டு கருத்து வாற ஒரு சொல்லைக் காதால கேட்டா "பாவா" மாதிரி இருக்கும். ஆனா அதை அசை அசையாப் பிரிச்சுச் சொல்லச் சொன்னா டோனி "பா... பா" எண்டு சொல்லுவார். வாய் வ சொல்லுது, மனசு ப எண்டு வைச்சிருக்குது. சப்பீர் 1933இல எழுதின கட்டுரையில இதைத்தான் ஒலியனின்ர மன உண்மைக்குச் சாட்சியாக் காட்டினவர். தமிழ் தெரிஞ்ச ஆருக்கும் இது உடன விளங்கும், ஏனெண்டா "பம்பரம்" எண்ட சொல்லில ரெண்டு ப-வும் ரெண்டு விதம், ரெண்டாவது பஸ்ஸில வாற ப மாதிரி, நாங்களும் அதைப் பிரிச்சுச் சொல்லச் சொன்னா ப-ம்-ப-ர-ம் எண்டு ஒரே ப-வைத்தான் ரெண்டு தரம் சொல்லுவம்.

சரி, இந்த இடங்களுக்கு எல்லை எப்பிடி இருக்கும்? நல்லாப் பதப்பட்ட வயலின்ர வரம்பு மாதிரி இருக்கும். 1957இல லிபர்மனும் அவரோட இருந்த ஆக்களும் மெசினால பேச்சுச் சத்தம் செய்து, பே, டே, கே எண்ட மூண்டுக்கும் இடையில 14 சின்னச் சின்னப் படி வைச்சு, படிப்படியா மாறுற மாதிரி ஆக்களுக்குக் கேக்கக் குடுத்தவை. சத்தம் படிப்படியாத்தான் மாறினது, கேட்டவைக்கு அப்பிடிக் கேக்கேல்லை. குறிப்பிட்ட ஒரு படி மட்டும் பே பே எண்டே கேட்டுது, அடுத்த படியில சடக்கெண்டு டே ஆச்சுது. ஒரே வயலுக்குள்ள தண்ணி ரெண்டு முழம் அங்கால இஞ்சால நிண்டா ஆருக்கும் கவலையில்லை, வரம்பைத் தாண்டினாத்தான் அது அடுத்தவன்ர வயல். எங்கட காதும் அப்பிடித்தான், வரம்புக்கு உள்ளுக்கு இருக்கிற வித்தியாசத்தைக் காணாது, வரம்பைத் தாண்டிற வித்தியாசத்தை எவ்வளவு சின்னன் எண்டாலும் பிடிக்கும்.

வரம்பு ஆர் கட்டினது எண்டு கேட்டா, நாங்கள்தான், முதல் வருசத்திலயே. பிறந்த குழந்தைக்குக் கிட்டத்தட்ட எல்லா ஊர் வரம்பும் தெரியும். 1971இல ஐமஸ் எண்டவரின்ர குழு ஒரு மாச, நாலு மாசக் குழந்தையளின்ர வாயில சூப்பி வைச்சு, அதுகள் உறிஞ்சிற வேகத்தை அளந்து பாத்தது. ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டா குழந்தைக்கு அலுத்து உறிஞ்சிறது குறையும், புதுச் சத்தம் வந்தா திரும்ப வேகமா உறிஞ்சும். பம்பரத்தின்ர முதல் ப-வையும் ரெண்டாவது ப-வையும் போல உள்ள சத்தங்களை அந்த வயசிலயே பிரிச்சு அறிஞ்சினம். பேந்து 1984இல ஜேனட் வேர்க்கரும் ரீஸும் கனடாவில செய்த ஆராய்ச்சி எங்களுக்கு இன்னும் கிட்ட. இங்கிலீஸ் வீட்டுக் குழந்தையளுக்கு இந்தியில உள்ள 'த'வையும் 'ட'வையும் கேக்கக் குடுத்தவை. 6 தொடக்கம் 8 மாசத்தில அதுகள் பிரிச்சு அறிஞ்சுதுகள். 10 தொடக்கம் 12 மாசம் ஆகேக்க பெரும்பாலானதுகளால ஏலாமப் போச்சு. முதல் பிறந்தநாளுக்கு முன்னமே காது தன்ர ஊருக்கு வரம்பு கட்டி முடிஞ்சுது.

2009க்குப் பிறகு உதவி நிறுவனங்களோட வன்னிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை என்னட்டக் கொஞ்ச நாள் தமிழ் படிச்சவ. நல்ல கெட்டிக்காரி, எழுத்தெல்லாம் ஒரு மாசத்தில பிடிச்சிட்டா. ஆனா "கதை", "கடை" ரெண்டும் அவவுக்குக் கடைசி வரைக்கும் ஒண்டாத்தான் கேட்டது. நான் மெல்லச் சொல்லுவன், உரத்துச் சொல்லுவன், அவ என்ர வாயையே பாத்துக்கொண்டு இருப்பா, கண்ணை மூடச் சொன்னா உடன விட்டிடுவா. எனக்கு அப்ப விளங்கேல்லை, இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்பிடிக் கேக்காது எண்டு. பேந்து நான் சிங்களம் படிக்கப் போன இடத்தில எனக்கு அதே நிலைமை வந்துது. சிங்களத்தில மரத்தின்ர அடித்தண்டுக்கும் மலைக்கும் உள்ள சொல்லு ரெண்டும் எனக்கு "கந்த" எண்டுதான் கேட்டுது. அவையளுக்கு ஒண்டில ந் எண்டது முழுசா நிக்குது, மற்றதில த-வோட ஒட்டி அரைவாசியா வருகுது, அது ஒரு வரம்பு. எனக்கு அந்த இடத்தில வரம்பே இல்லை, வெறும் தரவை.

ஆனா கட்டின வரம்பு எக்காலத்துக்கும் அப்பிடியே கிடக்கும் எண்டும் இல்லை. நாங்கள் புழங்கிற சொல்லுகளைப் பாருங்கோ. போர்த்துக்கேயர் 1619இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு 1658 மட்டும் ஆண்டவை, அவையள் விட்டுட்டுப் போன சொல்லுதான் மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, குசினி, கிணறு வெட்டிற அலவாங்கு எல்லாம். பிள்ளையள் இருக்கிற வாங்கும் அவையின்ர "பங்கோ"தான், அந்தப் ப பஸ்ஸில வாற மாதிரி அதிர்ற ப. அண்டைக்குத் தமிழ்க் காதுக்குச் சொல்லின்ர தொடக்கத்தில அந்தச் சத்தத்துக்கு இடமில்லை, அதால கிட்ட உள்ள வ-வின்ர வளவுக்குள்ள போய் விழுந்துது. கடைசியில 'ஓ' நிக்காம எங்கட வழக்கப்படி 'உ' வந்து நிண்டுது, வாங்கு. 300 வருசம் கழிச்சு இங்கிலீசில இருந்து பஸ் வந்தாப் பிறகு ஆரும் "வஸ்" எண்டு மாத்தேல்லை. கிழவியள் சிலர் "வசு" எண்டு சொன்னதை நான் சின்னனில கேட்டிருக்கிறன், ஆனா இண்டைக்கு உள்ள பிள்ளை "பசி"யின்ர ப-வையும் "பஸ்"ஸின்ர ப-வையும் தொடக்கத்திலயே பிரிச்சுச் சொல்லுது. ஒரு புது வரம்பு எழும்பிக்கொண்டிருக்குது, எழுத்துத்தான் இன்னும் ஒண்டு.

இனி, இந்த இடங்கள் மனசுக்குள்ள எப்பிடி அடுக்கியிருக்குது எண்டதுக்கு நாக்குத் தடுமாறுற நேரங்கள்தான் நல்ல சாட்சி. என்ர மாமி ஒருநாள் அவசரத்தில "மாட்டுக்குத் தண்ணி வை" எண்டு சொல்ல வெளிக்கிட்டு "தாட்டுக்கு மண்ணி வை" எண்டு சொல்லிப்போட்டா, வீடே சிரிச்சுது. நான் அதை உடன கொப்பியில எழுதி வைச்சனான். வடிவாப் பாருங்கோ என்ன நடந்திருக்கெண்டு. 'மா'வும் 'த'வும் முழுசா இடம் மாறியிருந்தா "தட்டுக்கு மாண்ணி" எண்டு வந்திருக்கவேணும். அப்பிடி வரேல்லை. ஆ தன்ர இடத்தில நிக்குது, அ தன்ர இடத்தில நிக்குது, 'ம்'மும் 'த்'தும் மட்டும் மாறியிருக்குது. எழுத்தில மா ஒரே எழுத்து, ஆனா மனசில மெய் வேற உயிர் வேறயாத்தான் கிடக்குது, வாயால வாறதுக்குக் கொஞ்சம் முன்னம்தான் ரெண்டும் சேருது. இப்பிடியான தடுமாற்றங்களை விக்டோரியா புரொம்கின் எண்ட அமெரிக்க அம்மா சேர்த்து 1971இல பெரிய கட்டுரை எழுதினவ. அவ சொன்ன இன்னொண்டையும் மாமியில காணலாம். சொல்லுத் தடுமாறினாலும் மொழியின்ர ஒழுங்கு தடுமாறாது. சொல்லின்ர முதல்ல உள்ள மெய், முதல்ல உள்ள மெய்யோடதான் மாறும். மண்ணி எண்டு ஒரு சொல் இல்லாமல் இருக்கலாம், ஆனா அது தமிழ்ச் சொல்லு மாதிரி இருக்குது. "ண்ணிம" எண்டு ஒருநாளும் வாயில வராது. எந்த எழுத்து சொல்லுக்கு முதல்ல வரலாம், எது வரக்கூடாது எண்டு தொல்காப்பியத்தில வகுத்துச் சொன்ன ஒழுங்கு, அதை ஒருநாளும் வாசிக்காத மாமியின்ர நாக்கிலயும் காவல் நிக்குது.

பேர் ஞாபகம் வராமல் நாக்கு நுனியில நிக்குதெண்டு தவிக்கிறம் தானே, அதுவும் இப்பிடித்தான். மாங்குளம் எண்ட பேரைத் தேடேக்க மாமடு வரும், மாந்தை வரும், அது இல்லை எண்டும் தெரியும், ஆனா 'மா'வில தொடங்கும் எண்டும் தெரியும். புரவுணும் மக்னீலும் 1966இல இதை ஆராய்ஞ்சு, ஆக்களுக்குச் சொல் வராத நேரத்திலயும் முதல் எழுத்தையும் எத்தினை அசை எண்டதையும் சும்மா ஊகிக்கிறதைவிட எவ்வளவோ கூடச் சரியாச் சொல்லினம் எண்டு காட்டினவை. அப்ப ஒரு சொல்லின்ர கருத்து ஒரு இடத்தில, சத்தத்தின்ர எலும்புக்கூடு வேற இடத்தில, அந்த எலும்புக்கூடும் முழுசா ஒரேயடியா வராமல் துண்டு துண்டா வரக்கூடிய ஒண்டு.

இதில எனக்குப் படிப்பிக்கிற ஆளா ஒரு பெரிய கேள்வி இருக்கு. மனசுக்குள்ள ம்-மும் ஆ-வும் பிரிஞ்சு கிடந்தா, அது எங்களுக்குத் தெரியுமோ? என்ர அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனா செத்த வீட்டில ஒப்பாரி சொல்லத் தொடங்கினா எதுகையும் மோனையும் ஒண்டும் பிசகாது, வரிக்கு வரி வந்து விழும். அவவிட்ட ஒருநாள் "அம்மம்மா, மாடு எண்ட சொல்லில முதல் சத்தத்தை எடுத்தா மிச்சம் என்ன?" எண்டு கேட்டன். "மாட்டில என்னத்தை, மோனை, எடுக்கிறது, பாலைத்தான் எடுக்கலாம்" எண்டா. அது பகிடிக்குச் சொன்ன மறுமொழி இல்லை, அவவுக்குக் கேள்வியே விளங்கேல்லை. 1979இல மொறாயிஸ் எண்டவரும் மற்ற ஆக்களும் போர்த்துக்கல்லில எழுத்தறியாத பெரியாக்களிட்ட இதே மாதிரிக் கேட்டுப் பாத்தவை, முதல் மெய்யை எடுக்கவோ சேர்க்கவோ அவையளால ஏலேல்லை, ஆனா அதே மாதிரி ஊரில அதே மாதிரி வறுமையில வளந்து பிந்தி எழுத்துப் படிச்ச ஆக்களால ஏலுமா இருந்தது. 1986இல சீனாவிலயும் சித்திர எழுத்து மட்டும் தெரிஞ்ச ஆக்களிட்ட இதேதான் கண்டது.

எங்கட ரெண்டாம் வகுப்புப் பிள்ளையளிட்டக் கேட்டா? மாட்டில முதல் சத்தத்தை எடு எண்டா "டு" எண்டு சொல்லுவினம். மா எண்டது அவைக்கு ஒண்டு. 'ம்' மட்டும் எடுத்தா ஆடு வரும் எண்டு நான் சொல்லேக்க கண்ணை விரிச்சுப் பாப்பினம், மாட்டுக்குள்ள ஆடு இருக்கிறதை அண்டைக்குத்தான் காணுகினம். ஏனெண்டா மாடு எண்ட எழுத்தில ஆ எண்ட எழுத்தே இல்லை, ஒரு கால் மட்டும்தான் இருக்கு. பிள்ளையள் விளையாடுற க-பாசையிலயும் இதைக் காணலாம், "நீ வா" எண்டதை "கநீ கவா" எண்டும், "பந்து" எண்டதைக் "கபந் கது" எண்டும் வெட்டுவினம், அசையாத்தான் வெட்டு விழும், ஒருநாளும் மெய்யையும் உயிரையும் பிரிச்சு வெட்டமாட்டினம். வாய்க்குத் தெரிஞ்சது அறிவுக்குத் தெரியாது. இதை நினைக்கேக்க எங்கட பழைய இலக்கணகாரரில எனக்கு மரியாதை கூடுது. மெய் 18, உயிர் 12, ரெண்டும் சேந்தா உயிர்மெய் எண்டு, மா எண்ட ஒற்றை வடிவத்துக்குள்ள ரெண்டு பேர் இருக்கினம் எண்டதைக் கண்டு பேரும் வைச்சிட்டுப் போயிருக்கினம்.

இன்னொரு பக்கம், பிள்ளை சொல்லுறது வேற, பிள்ளையின்ர மனசில இருக்கிறது வேற. என்ர தங்கச்சியின்ர மகள் மூண்டு வயசில ரொட்டியை "லொட்டி" எண்டு சொல்லுவாள். நானும் செல்லமா "லொட்டி வேணுமோ?" எண்டு கேட்டன். கோவம் வந்திட்டுது. "லொட்டி இல்லை, லொட்டி!" எண்டு காலை உதைச்சாள். "ரொட்டியோ?" எண்டன். "ஓம், லொட்டி" எண்டு அமைதியானாள். அவளின்ர மனசில ர, ல ரெண்டுக்கும் நடுவில வரம்பு ஏற்கனவே வடிவா இருக்கு, என்ர பிழையைப் பிடிக்கத் தெரியுது, நாக்குத்தான் இன்னும் அந்த வேலைக்குப் பழகேல்லை. பேர்க்கோவும் புரவுணும் 1960இல இங்கிலீஸ் பிள்ளை ஒண்டு மீனைப் பற்றி இதே மாதிரிச் சண்டை பிடிச்சதை எழுதியிருக்கினம். வீட்டில பெரியாக்கள் மழலைக்கு மழலையாக் கதைக்கிறதை நான் குறை சொல்லேல்லை, ஆனா பிள்ளைக்குச் சரியான சத்தத்தைக் கேக்கக் குடுங்கோ, அது எதிர்பாக்கிறது அதைத்தான்.

அதே பேர்க்கோதான் 1958இல இல்லாத ஒரு சொல்லைச் சொல்லிப் பிள்ளையளிட்டப் பன்மை கேட்டவ. நானும் வகுப்பில ஒரு விசித்திரமான மிருகம் கீறி, இதின்ர பேர் "தொபம்" எண்டன். இதுக்கு என்ன குடுப்பம் எண்டு கேட்டா எல்லாரும் ஒரே குரலில "தொபத்துக்குப் புல்லு" எண்டுதுகள். ஒராளும் "தொபமுக்கு" எண்டு சொல்லேல்லை. பூமியில இல்லாத சொல்லு, ஒருநாளும் கேட்டிராத சொல்லு, ஆனா மகரம் போய் 'த்து' வந்து நிக்கவேணும் எண்டது பிள்ளைக்குத் தெரியும். ஆனபடியா மனசில இருக்கிறது வெறும் சொல் மூட்டை இல்லை, மூட்டையை அவிழ்க்கிற ஒழுங்கும் சேத்துத்தான் இருக்குது.

மனசு காதுக்கே கதை சொல்லும் எண்டதையும் சொல்லவேணும். வயலுக்குள்ள லான்மாஸ்ரர் ஓடிக்கொண்டிருக்கேக்க அங்கால வரம்பில நிக்கிறவர் கத்திறது எங்களுக்கு விளங்கும் தானே, பாதிச் சத்தத்தை மெசின் விழுங்கியிருக்கும், ஆனா முழுச் சொல்லும் கேட்ட மாதிரித்தான் இருக்கும். வோரன் எண்டவர் 1970இல ஒரு சொல்லுக்குள்ள ஒரு சத்தத்தை வெட்டி எடுத்துட்டு அந்த இடத்தில இருமல் சத்தத்தை ஒட்டிக் கேக்கக் குடுத்தவர். கேட்டவையில கிட்டத்தட்ட எல்லாரும் ஒண்டும் குறையேல்லை எண்டினம். இல்லாத சத்தத்தை மனசு தன்ர களஞ்சியத்தில இருந்து எடுத்து நிரப்பிப்போட்டுது.

மூளையில இது எங்க இருக்குதெண்டு கேப்பீங்கள். இடது பக்கம் முன்னுக்கு ஒரு இடம் பழுதானா பேச்சு வெளிய வாறது கஸ்டம் எண்டு புரோக்கா 1861இல காட்டினவர், காதுப் பக்கம் பழுதானா மற்றவை சொல்லுறது விளங்காது எண்டு வேர்னிக்க 1874இல. கிட்டத்தில, 2014இல, சான்பிரான்சிஸ்கோவில வலிப்புக்குச் சத்திரசிகிச்சை செய்ய வந்த ஆக்களின்ர மூளைக்கு மேல, காதுக்கு மேல உள்ள மடிப்பில, நேரடியாவே சின்னக் கம்பி உணரியள் வைச்சுப் பேச்சைக் கேக்க விட்டுப் பாத்தவை. ஒரு புள்ளி க, ட, ப மாதிரி அடைச்சு வெடிக்கிற சத்தங்களுக்கு எழும்புது, இன்னொரு புள்ளி ம், ன் மாதிரி மூக்கால வாற சத்தங்களுக்கு எழும்புது, வேறொண்டு ஸ், ஷ் மாதிரி உரசிற சத்தங்களுக்கு. தனி எழுத்துக்கு ஒரு புள்ளி எண்டு இல்லை, இனத்துக்கு ஒரு புள்ளி. வாசிக்கேக்க எனக்கு வல்லினம், மெல்லினம் எண்டு பாடமாக்கினதுதான் ஞாபகம் வந்துது.

இதுகளைத் தெரிஞ்சுகொண்டா படிப்பிக்கிற விதமே மாறும். எங்கட பக்கம் பிள்ளையள் "பழம்" எண்டதைப் "பளம்" எண்டு எழுதினா "வடிவாக் கேட்டு எழுது" எண்டு ஏசிறம். கேட்டு எழுத என்ன இருக்கு? எங்கட பேச்சில ழ, ள ரெண்டும் கனபேருக்கு ஒரே வயலாப் போச்சு, படிப்பிக்கிற எங்களுக்கும்தான். அது காதால வராது, கண்ணால சொல்லுச் சொல்லாப் பழகவேணும், அதுக்கு ஏச்சுத் தேவையில்லை. ஆனா "பல்லி"க்குப் "பள்ளி" எண்டு ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப எழுதினா நான் அப்பிடி விடமாட்டன், அங்க வரம்பு உறுதியா இருக்கவேணும், அந்தப் பிள்ளையின்ர காதை டொக்டரிட்டக் காட்டச் சொல்லித் தாயைக் கூப்பிட்டுச் சொல்லுவன். ரெண்டும் கொப்பியில பாத்தா ஒரே மாதிரிப் பிழை, உள்ளுக்க வேற வேற.

கடைசியா ஒண்டு, இவ்வளவு நேரமும் மனசு சத்தத்தை வடிகட்டி இடத்தை மட்டும் வைச்சிருக்குதெண்டு சொன்னனான், அது முழு உண்மை இல்லை. 1993இல பல்மேரி, கோல்டிங்கர், பிசோனி எண்ட மூண்டு பேர், ஒரு சொல்லை முதல் கேட்ட அதே குரலில திரும்பக் கேட்டா ஆக்கள் அதைக் கூடச் சரியா அடையாளம் காணினம் எண்டு காட்டினவை, 20 குரல் கலந்து குடுத்தும். அப்ப சொன்ன ஆளின்ர குரலும் சொல்லோட சேந்து பதியுது. இதை வைச்சு, மனசில இருக்கிறது வரம்பே இல்லை, கேட்ட ஒவ்வொரு தரமும் குவிஞ்ச குவியல்தான் எண்டு ஒரு பகுதி ஆராய்ச்சியாளர் சொல்லுகினம், சொம்ஸ்கி, ஹலே எண்ட மொழியியலாளர் 1968இல எழுதின வழியில வந்த ஆக்களோ, அப்பிடி இல்லை, உள்ளுக்க இருக்கிறது சுருக்கமான குறியும் விதியும் எண்டுகினம். எனக்கு ரெண்டும் இருக்குதெண்டுதான் படுது. எங்கட ஒழுங்கையில ஒரு அம்மா இருக்கிறா, மகனை 2009க்குப் பிறகு காணேல்லை. அவனுக்குச் சின்னனில இருந்தே ர வராதாம், வளந்தும் "சோறு" எண்டதைச் "சோலு" எண்டுதான் சொல்லுவானாம். அவ அதைச் சொல்லேக்க தன்ர குரலை விட்டிட்டு அவன்ர இழுப்பில, அவன்ர ஏற்ற இறக்கத்தில "அம்மா, சோலு" எண்டு சொல்லிக் காட்டினவ. அதில ர-வின்ர வயலும் இருக்கு, ல-வின்ர வயலும் இருக்கு, ஆனா அவ வைச்சிருக்கிறது அந்த ஒரு குரலை.

கொப்பி திருத்தின அடுத்தநாள் வகுப்பில ரெண்டு சொல்லையும் பலகையில எழுதி, நாக்கு எங்கெங்க முட்டுது எண்டு எல்லாப் பிள்ளையளையும் செய்து பாக்கச் சொன்னன். சிரிச்சவையும் செய்து பாத்தினம். மலைநாட்டுப் பிள்ளை கையை உயத்தி, "அப்ப டீச்சர், நேத்து நீங்க என்ன சொன்னீங்க?" எண்டு கேட்டுது. முதல்நாள் சொன்ன மாதிரியே, ஆறுதலா, திரும்ப ஒருக்காச் சொன்னன். வாங்கில இருந்த ரெண்டு பேரும் ஒரே நேரத்தில ஒராளை ஒராள் திரும்பிப் பாத்திச்சினம். ரெண்டு பேருக்கும் தங்கட சொல்லுத்தான் கேட்டது.